இருக்கன்குடிக்கு நேர்ந்த மொட்டை

எங்கள் பக்கத்தில் ஒரு சாவை ஒளித்து வைக்க வழியே கிடையாது. ஒருவர் கண்ணை மூடிய கொஞ்ச நேரத்தில் கொட்டுக்காரர்கள் வந்துவிடுவார்கள். மதியத்துக்குள் பஸ் ஸ்டாப், டீக்கடைச் சுவர், டிரான்ஸ்பார்மர் கம்பம் என்று கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியாகிவிடும். சிவகாசிக்காரர்களுக்கு அச்சடிக்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்? தூக்கும்போது வெடி. செய்கிற ஊர் என்பதால் அதில் யாரும் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. இதெல்லாம் போதாதென்று, கொள்ளி வைத்தவனுக்கு மொட்டை போட்டு மீசையையும் எடுத்து, நடமாடும் நோட்டீஸாக ஊருக்குள் அனுப்பி வைப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் எங்கள் அப்பாவின் சாவைக் கருமாதி வரைக்கும் ஒரே ஒரு ஆளிடமிருந்து மறைக்க வேண்டி வந்தது. அந்த ஆள் என் அண்ணன்.

அண்ணன் பட்டாசு ஆபீஸில் வேலை பார்த்தான். எங்கள் ஆட்கள் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். மேஜை நாற்காலியைத் தேடி ஏமாறக் கூடாது. தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது மருந்து அறையில் ஏதோ உராய்ந்து பொறி கிளம்பிவிட்டது. மற்றவர்கள் ஓடித் தப்பித்தார்கள். அண்ணனுக்கு இரண்டு கைகளும் முழங்கை வரைக்கும், கழுத்தும், முதுகில் பாதியும் வெந்துபோயின. முகத்தைத் திருப்பிக்கொண்டதால் மீசைகூடக் கருகவில்லை என்று ஆபீஸ் வேன் டிரைவர் எங்களுக்கு ஆறுதல் சொன்னார். அவர்தான் அவனை வேனிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போனவர்.

சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் எல்லாரும் வாசலுக்கு வந்து புகை எந்தத் திசையில் கிளம்புகிறது என்று பார்ப்பார்கள். அவரவர் வீட்டு ஆள் எந்தத் திசைக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். அன்றைக்கு அப்பாவும் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் கீழே உட்கார்ந்துவிட்டாராம். பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு நாள், சுவரில் முதுகைச் சாய்த்தபடி இருந்தார். சாப்பிடவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுக் கொஞ்சம் படுத்து எழுந்து வாருங்கள் என்று நான்தான் விரட்டி பஸ் ஏற்றினேன். குளித்தார், கயிற்றுக் கட்டிலில் படுத்தார். எழுந்திருக்கவில்லை.

"பொகையப் பாத்தப்பவே பாதி உசுரு போயிருச்சு. மகன நெனச்சே மனுசன் போயிட்டாரு" என்று வந்தவர்கள் எல்லாரும் சொல்லி வைத்தாற்போல் சொன்னார்கள். இது அண்ணன் காதில் விழுந்தால் என்ன ஆகும்? காயத்தில் கிருமி ஏறாமல் இருக்க வேண்டும், மனசும் விட்டுவிடக் கூடாது, இந்த இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தன்னால்தான் அப்பா போனார் என்று தெரிந்த பிறகு அவன் எதற்காகப் பிழைத்துக்கொள்ள வேண்டும்?

மறைப்பது என்று முடிவு செய்தது அப்பாவின் அக்கா, என் அத்தை. பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர் நடுவில் மூக்கைச் சிந்திவிட்டு என்னைச் சைகை காட்டிக் கூப்பிட்டார். கொட்டு வேண்டுமானால் அடிக்கட்டும், போஸ்டரும் வெடியும் கூடவே கூடாது என்று காதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தார். நான் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறேன். என் கூட்டாளிகள் அதற்குள் அப்பா போட்டோவை வைத்து போஸ்டரை முடித்தே விட்டிருந்தார்கள். போனில் அவர்களைக் கண்டபடி ஏசினேன். வெடிச்சரத்தோடு வந்த சொந்தக்காரரிடம் கிட்டத்தட்டச் சண்டைக்கே போய்விட்டேன். ஊரில் வெடிக்கிற வெடி விருதுநகருக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பயமாக இருந்தது.

தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் கொள்ளி வைக்க வேண்டும் என்பது எங்கள் முறை. சின்ன வயதிலிருந்தே அம்மா என் பங்கு, அப்பா அவன் பங்கு என்று இந்த விஷயத்தைச் சொல்லி நாங்கள் கேலி பேசியிருக்கிறோம். சுடுகாட்டில் காரியம் செய்ய வந்தவர் பழக்க தோஷத்தில் மூத்தவரை வரச் சொல்லுங்க என்றார். நான் போய் உட்கார்ந்தேன். தலையை மழித்தார். பிறகு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு இழுப்பில் மீசையையும் எடுத்துவிட்டார். எனக்கு எதுவும் தோன்றவில்லை. கொள்ளியைக் கையில் கொடுத்தபோது அண்ணன் பொருளைத் திருடுகிற மாதிரி இருந்தது. கை நடுங்கியது.

அதற்குப் பிறகுதான் என் தலை ஒரு பிரச்சினை என்பதே உறைத்தது.

அப்பா போனபின் முதல் மூன்று நாள் வேன் டிரைவர்தான் அண்ணனோடு இருந்தார். தம்பிக்குப் பிரஸ்ஸில் அவசர ஆர்டர், அப்பாவுக்குக் காய்ச்சல், காய்ச்சல்காரரைத் தீக்காய வார்டுக்குள் விட மாட்டார்கள் என்று சொல்லிச் சமாளித்தார். காய்ச்சல் யோசனை டிரைவருடையது. பொய் சொல்வதில் அவ்வளவு திறமை அவருக்கு உண்டு என்று நாங்கள் அதுவரை நினைத்ததில்லை. ஆனால் அவரும் எத்தனை நாள் வேனை விட்டுவிட்டு இருப்பார்? நான் போயாக வேண்டும். தொப்பி போடலாமா, துண்டு கட்டலாமா என்று கண்ணாடி முன்னால் நின்று குழம்பிக்கொண்டிருந்தேன். அத்தைதான் வழி சொன்னார்.

"இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேந்து முடி எறக்குனேன்னு சொல்லு. அண்ணன் பொழைக்கணும்னு நேந்தேன்னு சொல்லு. அவனுக்கும் தெம்பா இருக்கும்."

இதைவிட நம்பும்படியான பொய் எங்கள் வீட்டில் இருக்க முடியாது. குடும்பத்தோடு இருக்கன்குடிக்குப் போய் மொட்டை போட்டுக்கொள்வது எங்களுக்குப் பழக்கம்தான். அப்பாவே எங்களோடு வரிசையில் உட்கார்ந்து தலையைக் கொடுப்பார். மீசையை மட்டும் தொட விட மாட்டார். கத்தி கீழே இறங்குவதற்கு முன்னாலேயே உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "ஆத்தா முடியத்தான் கேட்டா" என்பார். அண்ணனும் நானும் மீசை முளைக்காத வயதிலேயே அதேபோல் மேல் உதட்டைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

ஆனால் நான் தீட்டுக்காரன், கோயிலுக்குள் கால் வைக்க முடியாது. அண்ணன் உயிர் யார் கையில் இருக்கிறதோ அவள் பெயரிலேயே பொய் சொல்லப் போகிறோம் என்பது வேறு என்னை அரித்தது. பிரஸ் கூட்டாளி ஒருவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் கோயிலுக்குள் போய்த் திருநீறும் வேப்பிலையும் வாங்கிக்கொண்டு வரும் வரைக்கும் ஆற்று மணலில் தள்ளி நின்றேன். அங்கிருந்தே கும்பிட்டேன். இந்த முடி அப்பாவுக்குப் போய்விட்டது, வளர்ந்ததும் உனக்கு ஒன்று தனியாகத் தருகிறேன், இப்போதைக்கு இதையே உன் கணக்கில் வைத்துக்கொள் என்று கேட்டுக்கொண்டேன். தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டேன்.

அண்ணன் ஒருக்களித்துப் படுத்திருந்தான். இரண்டு கைகளிலும் வெள்ளைக் கட்டு. என்னைப் பார்த்தான். முதலில் தலையை, பிறகு முகத்தை. பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்குச் சந்தனத்தை மீறி வியர்த்தது. இருக்கன்குடிக்கு நேர்ந்துகொண்டேன் என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டுத் திருநீற்றை அவன் நெற்றியில் பூசினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். வெகுநேரம் கழித்து, "சந்தனம் வாசமா இருக்குலே" என்றான். வெளியே வந்ததும், பொய் செல்லுபடியாகிவிட்டது என்று அத்தைக்குப் போன் செய்தேன்.

அம்மாவின் கதை வேறு. புருஷனைப் பறிகொடுத்தவள் கருமாதி வரைக்கும் வாசலைத் தாண்டக் கூடாது. துக்கம் விசாரித்துக் கேதம் கேட்க வருகிற பெண்கள் கட்டிக்கொண்டு அழுவதற்கு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் சாம்பல் அள்ளிய அன்றைக்கே அம்மா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுவிட்டாள். தெருவில் முணுமுணுத்தார்கள். அத்தைகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னாள்.

"எம்புள்ள கண்ணத் தொறந்து பாக்கையில நான் முன்ன எப்படி இருந்தேனோ அப்படியே இருக்கணும். பெறகு நீங்க என்ன சொன்னாலும் கேக்கேன்."

வீட்டிலிருந்து வெறும் நெற்றியோடு கிளம்புவாள். ஆஸ்பத்திரி வண்டி ஸ்டாண்டில் ஒரு வேப்பமரமும் குழாயும் உண்டு. அங்கே என் பைக்கின் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பொட்டு வைப்பாள். வாசல் கடையில் வாங்கின மல்லிகைப் பூவைத் தலையில் சொருகிக்கொள்வாள். கூலியாள் மாதிரி கடகடவென்று செய்வாள். நான் சாவியை நோண்டுவேன், டயரைப் பார்ப்பேன், அவளை மட்டும் பார்க்க மாட்டேன். திரும்பும்போது அதே குழாயில் முந்தானையை நனைத்துப் பொட்டைத் துடைத்துவிட்டுப் பூவை மரத்தடியில் வைத்துவிடுவாள். தாலி அறுப்பது ஒருத்திக்கு ஒரு தடவைதான். எங்கள் அம்மாவுக்கு மட்டும் தினமும் நடந்தது.

வார்டுக்கு வெளியே என் வேலை காவல். துக்க வீட்டுக்குப் போய்விட்டு வருகிற சொந்தக்காரர்கள் அதே முகத்தோடு அண்ணனைப் பார்க்க வந்துவிடுவார்கள். அச்சான தாளைப் பிடித்துக் கலர் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதைப் போல ஒவ்வொரு முகத்தையும் கதவருகே பார்த்துத்தான் உள்ளே விட்டேன். கொஞ்சம் சிரிச்ச மாதிரி போங்க என்று கெஞ்சினேன். ஒரு சித்தப்பா அதை அளவுக்கு மீறிக் கேட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் சிரித்துக்கொண்டே நுழைந்தார். அவரைப் பாதியிலேயே வெளியே இழுத்தேன்.

எல்லாரையும்விட என்னைக் கதிகலங்க வைத்தது பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி. சாத்தூர்ப் பக்கத்துக்காரர். எப்படியோ அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஒருநாள் அண்ணன் கட்டிலுக்கு எதிரிலேயே இரண்டு கைகளையும் சேர்த்து என் முன்னால் நீட்டிவிட்டார். கேதம் கேட்கிறவர்கள் அப்படித்தான் கை நீட்டுவார்கள். நான் அந்தக் கையில் சட்டென்று ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்து, அப்படியே வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். விவரத்தைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து அவரும் காவலுக்கு ஒரு ஆள்.

இத்தனைக்கும் நடுவில் ஒன்றை நான் கவனித்தேன். நான் மொட்டைத் தலையோடு போன நாளிலிருந்து அண்ணன் அப்பாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதற்கு முன்னால், அப்பா சாப்பிட்டாரா, காய்ச்சல் விட்டதா என்று டிரைவரை நச்சரித்திருக்கிறான். முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டு நாள் போனதும் அந்த நிம்மதியே பயமாகிவிட்டது. ஏன் கேட்க மாட்டேன் என்கிறான்? மருந்து மயக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் கேட்பதெல்லாம் அம்மாவைத்தான். பகல் சாய்ந்தால் அம்மா வரவில்லையா என்பான். வந்தால் தலைமாட்டில் உட்கார விட மாட்டான், எதிரே, முகம் தெரிகிற மாதிரி உட்காரச் சொல்வான். ஒருநாள் பூ வாடியிருக்கிறது, நாளைக்கு நல்ல பூவாகப் பார்த்து வாங்கு என்று சொன்னான். பெண்கள் வைக்கும் பூவைப் பற்றி வாயைத் திறக்கிறவனே இல்லை அவன். அம்மா அதைக் கேட்டுச் சிரித்தாள். வண்டி ஸ்டாண்டுக்கு வந்து அழுதாள்.

கருமாதிக்கு நாள் நெருங்கியது. நான் அச்சடித்த காலண்டரையே என் முன்னால் புரட்டி அத்தை நேரம் குறித்தார். கருமாதி அன்று விடியும் முன் தாலியைக் கழற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு பொட்டு வைத்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது என்று அத்தை சொன்னார். இதுவரைக்கும் கண்ணை மூடிக்கொண்டேன், இனிமேல் போனவனுக்கு ஆகாது என்றார். அம்மா தலையாட்டினாள். வாக்குக் கொடுத்தவள். ஆக, அதற்குள் அண்ணனிடம் சொல்லியாக வேண்டும். யார் சொல்வது என்ற கேள்விக்கே இடமில்லாமல் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கொள்ளி வைத்தவன் நான்தானே.

அபாயம் தாண்டிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் எப்படிச் சொல்வது என்று கேட்கப் போனபோது மெதுவாக, பக்கத்தில் ஆள் இருக்கும்போது சொல்லுங்கள் என்றார். அந்த ஆள் யார்? எனக்கே ஒரு ஆள் தேவைப்பட்டது. கருமாதிக்கு முந்தின நாள், அம்மா வருவதற்கு முன்னால் தனியாகப் போனேன். டீ வாங்கினேன். ஆற்றினேன். மறுபடி ஆற்றினேன். டீ ஆறிப் பச்சைத்தண்ணியாகிவிட்டது.

"நாளைக்கா கருமாதி?" என்று அண்ணன் கேட்டான்.

டம்ளர் என் கையை விட்டு நழுவியது. அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மீசையில்லாம வந்து நின்னியே, அன்னிக்கே தெரியும்லே. ஆத்தா என்னைக்கு மீசையக் கேட்டா?"

அப்பாவின் உள்ளங்கை அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. எத்தனை ஓட்டைகளை அடைத்தேன், எத்தனை முகங்களைத் திருத்தினேன். மூக்குக்குக் கீழே இருந்ததை நான் பார்க்கவில்லை. ஏன் கேட்கவில்லை, ஏன் ஒருமுறைகூட அழவில்லை என்று அவனிடம் நான்தான் அழுதுகொண்டே கேட்டேன்.

"எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அம்மா பூ வைக்காதுல்ல" என்றான். "எம்புட்டு நாள் வச்சுக்கிடுதோ வச்சுக்கிடட்டும்னு இருந்தேன்."

பிறகு கேட்டான், கொள்ளி வைக்கும்போது கை நடுங்கியதா என்று. நடுங்கியது என்றேன். தன் கைக்கட்டுகளைப் பார்த்தான். தன் கையாக இருந்தாலும் நடுங்கியிருக்கும் என்றான். தன்னால்தான் அப்பா போனார் என்று ஊரில் பேசுகிறார்களா என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவன் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

"கழுத்துப் புண்ணு ஆறாம தலையத் தொட முடியாது. மீசைய மட்டும் நீ எடுத்துவிடு. ஆனா அம்மா வந்துட்டுப் போகட்டும்."

அம்மா வந்தாள். அன்றைக்குப் பூ கொஞ்சம் அதிகமாகவே வைத்திருந்தாள். பூக்காரம்மாவிடம் என்ன சொல்லி வாங்கினாளோ. நான் சொல்லிவிட்டேனா என்று கண்ணாலேயே கேட்டாள். இல்லை என்று தலையசைத்தேன். அண்ணன் அவளை எதிரே உட்காரச் சொன்னான். பூ நல்லா இருக்கும்மா என்றான். அப்பாவுக்குக் காய்ச்சல் எப்படி என்று, அத்தனை நாளுக்குப் பிறகு அன்றைக்குக் கேட்டான். தேவலை, கஞ்சி குடிச்சாரு என்றாள் அம்மா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கிளம்பும்போது போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டு வாசலில் நின்று இன்னொரு தடவையும் சொன்னாள். குழாயடியில் அவளோடு நிற்க எனக்குத் தெம்பில்லை. டிரைவரைத் துணைக்கு அனுப்பினேன்.

கடையில் ஒரு ரேசர் வாங்கி வந்தேன். சோப்பைக் குழைத்து அண்ணனின் மேல் உதட்டில் தடவினேன். கையை அசைக்க முடியாதவன் உதட்டை இறுக்கிக்கொண்டு கிடந்தான். பாதி எடுத்திருக்கும்போது உதடு துடிக்க ஆரம்பித்தது. ரேசரை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். சத்தமில்லாமல் அழுதான். அழுது முடிந்ததும் மீதியை எடுத்தேன். ஊசி போட வந்த நர்ஸ் பார்த்துவிட்டு, இந்த நிலைமையில் இது எதற்கு என்று என்னைக் கடிந்துகொண்டார். அண்ணன்தான் பதில் சொன்னான். இருக்கன்குடிக்கு நேர்ந்திருந்தேன் சிஸ்டர் என்றான்.

மறுநாள் காரியம் முடிந்தது. அதற்கு மறுநாள் அம்மாவைப் பைக்கில் கூட்டிக்கொண்டு போனேன். வண்டி ஸ்டாண்டில் இறங்கியதும் பழக்கத்தில் கண்ணாடியைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு இருந்தபடியே திருப்பி வைத்தாள். அவனிடம் சொல்லிவிட்டேன் என்று மட்டும் நான் சொல்லியிருந்தேன், அவனுக்கு முன்னாலேயே தெரியும் என்பதைச் சொல்லவில்லை.

வெறும் கழுத்தோடும் வெறும் நெற்றியோடும் கதவருகே நின்றாள். அண்ணன் மீசையில்லாமல் படுத்திருந்தான். அவன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். அம்மா போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கழுத்துக் காயத்தில் கை படாமல், அவனுடைய மேல் உதட்டை உள்ளங்கையால் பொத்தினாள். அதற்குப் பிறகுதான் வாய்விட்டு அழுதாள். அவனும் அழுதான். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி எழுந்து வந்தார். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கைகளை அம்மா முன்னால் நீட்டி, அவளைக் கட்டிக்கொண்டு முறைப்படி கேதம் கேட்டார். சத்தம் போடக் கூடாது என்று சொல்ல வந்த நர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.